இமைக்கும் நேரத்துக்கு நாள் கணக்கில் ஏற்பாடு

மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் இழுத்துவரப்படும் புத்தம் புதிய கார், அலுமினியத் தேன்கூட்டால் ஆன தடுப்பு ஒன்றில் மோதுகிறது. 'டமார்' என்ற சத்தம் காதில் அடங்குவதற்குள் கதை முடிந்துவிடுகிறது. தலை எதில் இடித்தது, நெஞ்சு எவ்வளவு நசுங்கியது, ஏர்பேக் உரிய நேரத்தில் விரிந்ததா என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை சுமார் 150 மில்லி விநாடிக்குள் வந்து போய்விடுகிறது. ஒரு முறை கண் இமைக்க ஆகும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். மோதலைப் பார்க்க வந்தவர் அந்தக் கணத்தில் இமைத்திருந்தால் முழுக் காரையும் நொறுங்கிய காரையும் பார்த்திருப்பார். நொறுங்கியதைப் பார்த்திருக்க மாட்டார்.

எனவே கண் கொட்டாமல் காத்திருந்து, நடந்ததை ஆயிரம் துண்டாக நறுக்கிக் கொடுக்கும் சாட்சி ஒன்று தேவைப்படுகிறது. கார் சோதனைக் கூடங்களில் அந்தச் சாட்சியின் பெயர் அதிவேக டிஜிட்டல் கேமரா. விநாடிக்கு 1,000 படம் எடுக்கும் கேமராவைப் பணம் இருந்தால் வாங்கிவிடலாம். அதைக் கம்ப்யூட்டரோடு பிணைத்து, வேண்டிய கணத்தைத் தப்பவிடாமல் பிடிக்க வைப்பதில்தான் பாடு இருக்கிறது.

இந்தியாவில் இந்தப் பாட்டுக்கு அர்த்தம் அதிகம். 2022ஆம் ஆண்டில் மட்டும் நாட்டின் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு சொல்கிறது. 2014 ஜனவரியில் 'குளோபல் என்கேப்' அமைப்பு இந்தியாவில் அதிகம் விற்ற சிறிய கார்களில் ஐந்தை இதே 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தது. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துக்கும் கிடைத்தது பூஜ்ய நட்சத்திரம். ஓட்டுநர் இருக்கைக்கு ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். 2023 அக்டோபர் 1 முதல் 'பாரத் என்கேப்' என்ற பெயரில் நாடே சொந்தமாக நட்சத்திரம் வழங்கத் தொடங்கியது. புணே, மானேசர், சென்னையை அடுத்த ஓரகடம் ஆகிய இடங்களில் மோதல் சோதனைக்கான கூடங்கள் உள்ளன.

சினிமாவில் நடிகர் தடுமாறினால் 'ஒன் மோர் டேக்' உண்டு. இங்கே கிடையாது. ஒரு சோதனைக்கு ஒரு கார். உள்ளே அமரும் டம்மி மனிதர்களோ சாதாரணப் பொம்மைகள் அல்ல. உடலெங்கும் உணர்கருவிகள் பொருத்தப்பட்ட, காரைவிட விலை அதிகமாக இருக்கக்கூடிய ஆசாமிகள். மோதல் முடிந்த பிறகு, கேமரா பதிவு செய்யவில்லை என்று தெரியவந்தால் அந்தக் காரைத் திரும்ப நிமிர்த்த முடியாது.

விநாடிக்கு 25 படம் எடுக்கும் சாதாரண வீடியோ போதாதா? கிரிக்கெட் ரசிகர்களுக்கு இதன் விடை தெரியும். 1992 நவம்பரில் டர்பன் டெஸ்டில் சச்சின் டெண்டுல்கர் ரன் அவுட் ஆனார். டி.வி. ரீப்ளேயைப் பார்த்து மூன்றாவது நடுவர் ஒரு ஆட்டக்காரரை வெளியே அனுப்பியது அதுவே முதல் முறை. அதன்பின் எத்தனையோ ஆட்டங்களில் ஒரு படத்தில் மட்டை கோட்டுக்கு வெளியேயும் அடுத்த படத்தில் உள்ளேயும் இருக்க, பெயில்ஸ் எழும்பிய கணம் இரண்டுக்கும் நடுவே எங்கோ மறைந்துகொண்டது. 25 படம் என்றால் இரண்டு படங்களுக்கு இடையே 40 மில்லி விநாடி. விநாடிக்கு 7 மீட்டர் ஓடும் ஆட்டக்காரர் அதற்குள் 28 செ.மீ. நகர்ந்துவிடுவார். 64 கி.மீ. வேகத்தில் வரும் காரோ 70 செ.மீ. தாண்டிவிடும். ஏர்பேக் சுமார் 30 மில்லி விநாடியில் விரிந்துவிடுகிறது. சாதாரண வீடியோவில் ஒரு படத்தில் அது ஸ்டியரிங்குக்குள் மடிந்திருக்கும்; அடுத்த படத்தில் முழுதாக உப்பியிருக்கும். விரிந்த கதை இடைவெளியில் போய்விடும்.

விநாடிக்கு 1,000 படம் என்றால் மில்லி விநாடிக்கு ஒன்று. மோதலுக்கு 150 படம் தேறும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே கார் நகர்வது 18 மில்லிமீட்டர்தான். சோதனைக் கூடங்கள் பெரும்பாலும் இந்த வேகத்தை வைத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

வேகம் கூடியதும் முதலில் வரும் தட்டுப்பாடு வெளிச்சம். ஒரு படம் எடுக்க ஷட்டர் 1,000இல் ஒரு விநாடி முழுவதும் திறந்திருந்தால், அதற்குள் கார் 18 மி.மீ. நகர்ந்து படம் இழுபட்டுப் போகும். டம்மியின் தாடை எங்கே முடிகிறது, ஏர்பேக் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுச் சொல்ல முடியாது. ஷட்டரை 10,000இல் ஒரு விநாடிக்குக் குறைத்தால் இழுபடுவது 2 மி.மீ.க்குள் அடங்கும். ஆனால் சாதாரண வீடியோ 50இல் ஒரு விநாடி கண் திறந்து வாங்கும் ஒளியில் 200இல் ஒரு பங்குதான் இப்போது உள்ளே வரும். அந்தக் குறையை விளக்குகள்தான் ஈடுகட்ட வேண்டும். மோதல் நடக்கும் இடத்தைச் சுற்றிக் கல்யாணப் பந்தலை மிஞ்சும் விளக்கு வரிசை நிற்பது அலங்காரத்துக்காக அல்ல.

விளக்கிலும் வில்லங்கம் உண்டு. இந்திய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் நேரடியாக எரியும் சாதாரண விளக்கு விநாடிக்கு 100 தடவை ஏறி இறங்குகிறது. கண்ணுக்கு அது சீராகத் தெரியும். விநாடிக்கு 1,000 படம் எடுக்கும் கேமராவுக்கோ பத்துப் படத்துக்கு ஒரு முறை விளக்கு ஏறி இறங்குவது அப்படியே தெரியும். அதனால் துடிக்காத விளக்குகளைத் தேடிப் பிடிக்க வேண்டும். இன்னொரு சிக்கல் வெப்பம். டம்மியின் விலா எலும்பு சூட்டுக்கு இளகும், குளிருக்கு விறைக்கும். அதனால் சோதனைக்கு முன் டம்மியைக் குறிப்பிட்ட சில டிகிரிகளுக்குள் வைத்திருப்பது விதி. பழைய விளக்குகளை முன்கூட்டியே எரியவிட்டால் டம்மிக்குக் காய்ச்சல் வந்துவிடும், அளவும் கெட்டுவிடும். எல்.ஈ.டி. விளக்குகள் வந்த பிறகு இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது.

அடுத்த தட்டுப்பாடு கம்ப்யூட்டரிலிருந்து வருகிறது. 1,024க்கு 1,024 புள்ளிகள் கொண்ட ஒரு படத்தில் பத்து லட்சத்துக்கும் அதிகமான புள்ளிகள். புள்ளிக்கு ஒரு பைட் என்று சிக்கனமாக வைத்தாலும் ஒரு படம் ஒரு மெகாபைட். விநாடிக்கு 1,000 படம் என்றால் ஒரு ஜிகாபைட். 1990களின் நடுவில் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த ஹார்டு டிஸ்க் இந்த ஒரு விநாடியிலேயே நிரம்பி வழிந்திருக்கும். கேமராவையும் கம்ப்யூட்டரையும் வழக்கமாக இணைக்கும் ஜிகாபிட் ஈதர்நெட் கேபிள் எல்லாம் சரியாக இருந்தாலும் விநாடிக்கு 125 மெகாபைட்டுக்கு மேல் கடத்தாது. ஒரு விநாடிப் பதிவு கம்ப்யூட்டருக்குப் போய்ச்சேர எட்டு விநாடிக்கு மேல் ஆகும். அருவியைக் குடத்தின் வாயால் பிடிக்கப் பார்ப்பது போன்ற நிலை.

ஆகவே படங்கள் முதலில் கேமராவுக்குள்ளேயே இருக்கும் மெமரியில் இறங்குகின்றன. உதாரணமாக, 8 ஜிகாபைட் மெமரி இருந்தால் சுமார் எட்டு விநாடிப் பதிவு கொள்ளும். அது நிரம்பியதும் கேமரா நிற்பதில்லை. முதல் படத்தை அழித்து அதன் மேல் புதிய படத்தை எழுதத் தொடங்குகிறது. செக்கு மாடு போலச் சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டே இருக்கிறது. எந்த நேரத்திலும் அதன் மெமரியில் இருப்பது கடந்துபோன எட்டு விநாடி மட்டுமே.

இந்த ஏற்பாடு பழைய முறையைத் தலைகீழாக்கியது. டிஜிட்டலுக்கு முன் மோதல் சோதனைகளை 16 எம்.எம். ஃபிலிம்தான் பிடித்தது. அந்த ஃபிலிமில் அடிக்கு 40 படம். விநாடிக்கு 1,000 படம் வேண்டுமானால் 25 அடி ஃபிலிம் ஓட வேண்டும். 100 அடிச் சுருள் நான்கு விநாடியில் காலி. அதிலும் ஒரு பகுதி ஃபிலிம் முழு வேகத்தை எட்டுவதற்கே செலவாகிவிடும். மோதலுக்குச் சற்று முன்னால் மோட்டாரை முடுக்கிவிட வேண்டும். முந்தினால் ஃபிலிம் தீர்ந்துபோகும். பிந்தினால் மோதல் தீர்ந்துபோகும். படம் விழுந்ததா என்பது ஃபிலிமைக் கழுவிய பிறகுதான் தெரியும். ஃபிலிம் கேமராவிடம் 'தொடங்கு' என்று சொல்ல வேண்டியிருந்தது. டிஜிட்டல் கேமராவிடம் சொல்ல வேண்டியது, 'நடந்தாயிற்று, இனி அழிக்காதே' என்பது. அது நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்க்கும் கருவி.

அந்தச் சொல்லுக்குப் பெயர் டிரிக்கர். அதை யார் சொல்வது? மனிதர் ஒருவர் சத்தம் கேட்டுப் பட்டனை அழுத்த 200 மில்லி விநாடி போல ஆகும். அதற்குள் மோதலே முடிந்திருக்கும். மெமரியில் எட்டு விநாடி இடம் இருப்பதால் படங்கள் பிழைத்துக்கொள்ளும் என்றாலும், மோதல் தொடங்கிய படம் எது என்று சொல்ல வழியில்லை. எனவே காரையே பேச வைக்கிறார்கள். பம்பரின் முகப்பில் ஒட்டப்படும் மெல்லிய நாடாவுக்குள் இரண்டு உலோகப் பட்டைகள் இருக்கின்றன. தடுப்பு அதன் மேல் பட்டதும் பட்டைகள் ஒன்றையொன்று தொட்டு மின்சாரம் பாய்கிறது. அந்தக் கணம்தான் கணக்குக்குப் பூஜ்யம். அதே மின் துடிப்பு எல்லாக் கேமராக்களுக்கும் போகிறது. டம்மியின் உடலிலிருந்து வரும் அளவுகளைச் சேகரிக்கும் கருவிக்கும் போகிறது. கேமராக்களின் பார்வையில் படும்படி வைத்த சிறு விளக்கு ஒன்றையும் ஏற்றுகிறது. விளக்கு எரியும் முதல் படம்தான் பூஜ்யப் படம் என்று பிறகு யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

யோசனை ஒன்றும் புதிதல்ல. 1878இல் கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோவில், ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புகின்றனவா என்று பார்க்க எட்வர்ட் மைபிரிட்ஜ் 12 கேமராக்களை வரிசையாக வைத்தார். பாதையின் குறுக்கே இழுத்துக் கட்டிய நூலைக் குதிரை அறுத்துக்கொண்டு ஓட, ஒவ்வொரு ஷட்டரும் தானே விழுந்தது. குதிரையே தன் படத்தை எடுத்துக்கொண்டது. மோதும் காரும் அதையேதான் செய்கிறது.

இந்தப் பூஜ்யத்தில் பிசகினால் என்ன ஆகும்? நெஞ்சில் விழுந்த அதிகபட்ச விசை 62ஆவது மில்லி விநாடியில் என்று டம்மியின் கருவி சொல்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கேமராவின் கடிகாரம் ஐந்து மில்லி விநாடி பிந்தியிருந்தால், பொறியாளர் தவறான படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். சீட் பெல்ட் அழுத்திய காயத்தை ஸ்டியரிங்கின் கணக்கில் எழுதிவிட வாய்ப்பு உண்டு. பிறகு ஸ்டியரிங் திருத்தப்படும். பெல்ட் அப்படியே இருக்கும். அந்தப் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு ஒரு குடும்பம் நெடுஞ்சாலையில் போகும்.

எனவே மோதலுக்குச் சில நாள் முன்பே வேலை தொடங்குகிறது. காரின் இரு பக்கமும், மேலேயும், தரைக்குக் கீழே கண்ணாடி மூடிய குழியிலும் கேமராக்கள் நிற்கின்றன. சில கேமராக்கள் காருக்குள்ளேயே டம்மியோடு பயணம் செய்கின்றன. இவை மோதலின் அதிர்ச்சியைத் தாங்கும்படி தனியாகச் செய்யப்பட்டவை. கார்க் கதவிலும் டம்மியின் தலையிலும் மஞ்சளும் கறுப்புமாக நான்கு கால் வட்டக் குறிகள் ஒட்டப்படுகின்றன. குறிகளுக்கு இடையே உள்ள தூரம் முன்கூட்டியே அளக்கப்படுகிறது. பிறகு கம்ப்யூட்டர் படத்திலுள்ள புள்ளிகளை மில்லிமீட்டராக மாற்ற இந்த அளவுதான் ஆதாரம். டம்மியின் முகத்திலும் முழங்காலிலும் வேறு வேறு நிறச் சாயம் பூசுகிறார்கள். எங்கே இடித்தது என்பதைச் சாயம் சொல்லும். எப்போது இடித்தது என்பதைக் கேமரா சொல்லும்.

கம்ப்யூட்டருடன் இணைப்பது கேட்க எளிது. ஒவ்வொரு கேமராவுக்கும் வலைப்பின்னலில் தனி எண் கொடுக்க வேண்டும். தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் இருந்தால் தபால்காரர் திணறுவது போல, இரண்டு கேமராக்களுக்கு ஒரே எண் அமைந்தால் கம்ப்யூட்டர் திணறும். கம்ப்யூட்டரின் எண்ணும் அதே தெருவைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். வைரஸ் வராமல் காக்கும் ஃபயர்வால், கேமராவையே அந்நியனாகக் கருதி வாசலில் நிறுத்திவிடுவதும் உண்டு. வேலையின் நடுவே கம்ப்யூட்டர் தானாகத் தூங்கிப்போகும் வசதியை நிறுத்திவைக்க வேண்டும். இவற்றில் எதுவும் பெரிய விஞ்ஞானம் அல்ல. ஆனால் ஒரு காரை வீணாக்க இவற்றில் ஒன்று போதும்.

பிறகு கேமராக்களை ஒரே தாளத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒன்று தலைமை ஏற்றுத் துடிப்பு அனுப்ப, மற்றவை அதே கணத்தில் ஷட்டரைத் திறக்கின்றன. அல்லது எல்லாவற்றுக்கும் பொதுவான கடிகாரம் ஒன்று தாளம் போடுகிறது. கடைசியாக லென்ஸை மூடி, முழு இருட்டில் ஒரு படம். வெளிச்சமே இல்லாதபோது ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு பொய் சொல்கிறது என்று கேமரா குறித்துக்கொண்டு, பிறகு எடுக்கும் படங்களில் அதைக் கழித்துவிடுகிறது. விளக்கின் சூட்டில் கேமரா வெப்பமானால் இந்தக் கணக்கு மாறும் என்பதால், இதை மோதலுக்குச் சற்று முன் மறுபடியும் செய்கிறார்கள்.

பிறகு ஒத்திகை. காரை அசைக்காமல் பம்பர் நாடாவைக் கையால் அழுத்துகிறார்கள். சிறு விளக்கு எரிகிறதா? எல்லாக் கேமராக்களும் நின்றனவா? எல்லாவற்றிலும் பூஜ்யப் படம் ஒன்றேதானா? விடை 'ஆமாம்' என்றால், பதிவை அழித்துவிட்டுக் கேமராக்களைத் திரும்பக் காத்திருக்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். கவனப் பிசகுக்கு அதிகம் இடம் உள்ள படி இதுதான். ஒத்திகையில் நின்ற கேமரா தன் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கும். அதைத் திரும்பத் தட்டி எழுப்ப மறந்தால், உண்மை மோதலின்போது நேற்றைய ஒத்திகையைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கும். அதனால்தான் பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரியையும் ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் பார்த்துப் பதில் சொல்வது நல்ல வழக்கம்.

கார் வருகிறது, மோதுகிறது. கூடத்தில் இருப்பவர்கள் காரை நோக்கி ஓட, கேமராவைக் கவனிப்பவர் மட்டும் திரையை விட்டு அசையக் கூடாது. கேமராவுக்குள் இருக்கும் மெமரி பெரும்பாலும் மின்சாரம் இருக்கும்வரைதான் நினைவு வைத்திருக்கும். உள்ளங்கைத் தண்ணீர் மாதிரி. நொறுங்கிய காரில் பேட்டரி தீப்பிடிக்கக் கூடாது என்று யாராவது அவசரமாக வயரைப் பிடுங்கினால், காருக்குள் இருந்த கேமராவின் நினைவும் கூடவே போய்விடலாம். இதற்காகவே கேமராவுக்குத் தனி பேட்டரி வைக்கிறார்கள். படம் கேபிள் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கி ஹார்டு டிஸ்க்கில் ஏறி, நகல் ஒன்றும் எடுத்து, திறந்து பார்த்து உறுதி செய்த பிறகுதான் சோதனை முடிந்ததாக அர்த்தம். எட்டு விநாடியையும் இறக்குவதில்லை. பூஜ்யத்துக்குச் சற்று முன்பிருந்து, கார் ஓய்ந்து நிற்கும் வரை போதும்.

பிறகு ஒருவர் திரை முன் அமர்ந்து படம் படமாக நகர்த்துகிறார். முன்பக்கம் மடிகிறது. ஸ்டியரிங்கின் மூடி பிளக்கிறது. வெள்ளைப் பை பிதுங்கி வெளியே வருகிறது. டம்மியின் தலை மெல்லக் குனிந்து பையில் புதைகிறது. இருக்கைக்கு அடியில் இருந்து ஒரு கால் முன்னே வழுக்குகிறது. கணுக்கால் பெடலுக்கு அடியில் சிக்குகிறது. நேரில் பார்த்தவர் யாருக்கும் தெரியாத அந்தக் கணுக்கால் இப்போது சில பத்துப் படங்கள் நீளத்துக்கு நிதானமாக மடங்குகிறது. பெடல் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று வடிவமைப்பாளருக்கு அதிலிருந்து தெரிந்துகொள்ள முடியும்.

இவ்வளவு ஏற்பாடும் கூடத்துக்குள் வரும் காருக்குத்தான். பாரத் என்கேப், நிறுவனங்கள் விரும்பினால் முன்வரலாம் என்ற அடிப்படையில் வகுக்கப்பட்ட திட்டம். நட்சத்திரத்துக்காகத் தன் காரை மோதவிடுவதா வேண்டாமா என்பது தயாரிப்பாளரின் முடிவு. சட்டம் கேட்கும் அடிப்படைச் சோதனைகள் தனியாக இருக்கின்றன. அவற்றின் வேகம் இதைவிடக் குறைவு. கேமரா எத்தனை ஆயிரம் படம் எடுத்தாலும், அதன் முன் வராத காரைப் பற்றி அதற்குச் சொல்ல ஒன்றும் இல்லை. கார் வாங்கப் போகிறவர் ஷோரூமில் மைலேஜையும் நிறத்தையும் விசாரித்துவிட்டுக் கூடவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இதை மோதவிட்டுப் பார்த்தார்களா?